வரதராஜுலுவின் சுவரில்லாத கதவு

சூலூரைத் தாண்டி, ஓடாமல் நின்றுபோன ஒரு நூல் மில்லின் குடோனில் பதினோரு பேர் சேர்ந்து வாழ்கிறார்கள். வாசலில் 'புதுக்கூடு உழைப்பாளர் கூட்டில்லம்' என்று பெரிய பலகை இருக்கிறது. அதைப் படித்தவர் யாருமில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தால், "சாமான் ஊடுங்களா? அக்கட்டால போங்க" என்று கை காட்டுவார்கள்.

பதினோரு பேரும் ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டிலும் மேம்பாலத்தடியிலும் கோயில் வாசலிலும் படுத்தவர்கள். இப்போது ஊருக்கு வேண்டாத கட்டில், பீரோ, மிக்ஸி, தையல் மெஷின் என்று எதையும் விடாமல் குட்டியானை வண்டியில் போய் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். பழுது பார்த்து, பாலிஷ் போட்டு, ஞாயிற்றுக்கிழமை குடோன் முன்னாலுள்ள ஷெட்டில் கடை விரிக்கிறார்கள். அதில் வருவதை வைத்து எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள். யாரிடமும் கையேந்துவதில்லை. பிறந்தநாளைக்கு அன்னதானம் செய்ய வந்தேன் என்று யாராவது காரில் வந்து இறங்கினால், வாங்க வாங்க என்று உட்காரவைத்து, "ஊட்டுல பழைய ஃபேன் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிடுவார்கள்.

இந்த வீட்டில் இரண்டு சட்டங்கள். முதல் சட்டம்: புதிதாக வந்தவர் ஒரு வாரம் வேலை பார்த்தபின், ஷெட்டுக்குள் போய்த் தனக்குப் பிடித்த ஒரு சாமானைச் சொந்தமாக எடுத்துக்கொள்ளலாம். எது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. இரண்டாவது சட்டம்: சொந்தச் சாமானின் பின்பக்கம் சாக்பீஸால் பெயர் எழுதிவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் பெயரில்லாமல் எது இருந்தாலும் அது சரக்கு. விற்றுவிடுவார்கள். இந்த இரண்டாவது சட்டத்தால் டிரைவர் இல்யாஸின் டிபன் கேரியர் புளிசாதத்தோடு விலைபோயிருக்கிறது. பேட்டியெடுக்க வந்த ஒரு பத்திரிகைக்காரர் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அவருடைய ஹெல்மெட்டை ஒருவர் பேரம் பேசி வாங்கிப் போய்விட்டார்.

அப்படிச் சொந்தமாக எடுத்துக்கொள்வதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு. இல்யாஸ் மோட்டார் இல்லாத ஏர்கூலரை எடுத்தான். அதில் துணி மடித்து வைக்கிறான். மரச்சாமானுக்குப் பெயின்ட் அடிக்கும் நாச்சியம்மாள், அறுபது வயதில், சலூனில் இருக்குமே அந்தச் சுழல் நாற்காலி, அதை எடுத்தார். சாயங்காலம் அதில் உட்கார்ந்து இரண்டு சுற்று சுற்றினால்தான் அவருக்கு அன்றைய பொழுது முடியும். வீட்டின் பொறுப்பைப் பார்க்கும் இஸ்மத், உக்கடத்துக்காரர், ஒரு ஆளுயரக் கண்ணாடியை எடுத்துச் சமையலறையில் மாட்டிவைத்து அதைப் பார்த்தபடியே எல்லோரையும் திட்டுவார்.

வரதராஜுலு ஒரு கதவை எடுத்தார்.

டவுனுக்குள் ராமநாதபுரத்தில் இடித்த ஒரு வீட்டிலிருந்து வந்த ஒற்றைக் கதவு. நிலையோடு வந்தது. பெயின்ட் உரிந்து, மூன்று நிறம் தெரிய, கீழே நாய் பிறாண்டிய தடத்தோடு இருந்தது. "கதவை வெச்சு என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்க இல்யாஸுக்கு நாக்கு துடித்தது. ஆனால் சட்டம் சட்டம்தானே. அவனே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்தான். படுக்கை ஹாலின் கடைசிக் கட்டிலுக்கு முன்னால் இரண்டு இரும்புக் கால் வைத்து அதை நிறுத்தினார்கள். சுற்றிச் சுவர் கிடையாது. கதவுக்கு இடப்பக்கம் நாலடி வெட்டவெளி, வலப்பக்கம் ஐந்தடி. அந்த வெட்டவெளிக்கு நடுவில் வரதராஜுலு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, உள்ளே கட்டிலில் மகாராஜாவாக உட்கார்ந்தார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. தெலுங்கு பேசும் குடும்பம். பேசுவதற்கு ஆளெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதால் கொசுவைத் திட்டுவதற்கு மட்டும் தெலுங்கை வைத்துக்கொண்டிருந்தார். பீளமேட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் பத்தொன்பது வருடம் வாட்ச்மேன். யார் வந்தாலும், "யாருங்க? யாரைப் பாக்கோணும்? என்ன சமாசாரமுங்க?" என்று கேட்டு நோட்டில் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார். குடியிருந்தவர்களையே வாங்குவார். கேட்டுக்குப் பக்கத்திலிருந்த ஆறடிக் கேபின்தான் அவருக்கு வேலையும் வீடும். ஒருநாள் அங்கே கார்டு தேய்த்தால் திறக்கும் மெஷின் வந்தது. மெஷினுக்குத் தூக்கமும் கிடையாது, பொங்கல் போனஸும் கிடையாது. கேபினை இடித்து அந்த இடத்தில் பூந்தொட்டி வைத்தார்கள்.

அதற்குப் பின் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் மூன்று வருடம். அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு முறை நாச்சியம்மாளிடம் சொன்னார்: "குளிரு, மழையெல்லாம் பழகிப்போச்சுங்க. ஆனா பாருங்க, படுத்திருக்கறப்ப அத்தனை பேரும் என்னையத் தாண்டித் தாண்டிப் போவாங்க. ஒருத்தராச்சும் 'சித்த நகருங்க'ன்னு கேக்கோணுமல்ல? கேக்கமாட்டாங்க. கேக்கறதுக்கு அங்க ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சாத்தானே." கேட்ட நாச்சியம்மாளும் அதே பஸ் ஸ்டாண்டில் கிடந்தவர்தான்.

அந்தக் கதவின் மகிமை ஒரே வாரத்தில் வீடு முழுக்கப் பரவியது. முதல் நாள் எல்லோரும் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். வரதராஜுலு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். நம் கொங்கு மனிதர்களுக்கு யாராவது முகம் வாடினால் தாங்காது. மறுநாள் நாச்சியம்மாள் டீயோடு வந்தவர், கதவுக்கு முன்னால் நின்று தட்டினார்.

"யாருங்க அது?"

"நாந்தானுங்க, நாச்சியம்மா."

"யாரைப் பாக்கோணும்?"

"உங்களைத்தானுங்க."

"என்ன சமாசாரமுங்க?"

"டீ ஆறுதுங்க. தொறங்க."

தாழ்ப்பாள் லேசில் வராது. கதவைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்து, அப்படியே இழுக்க வேண்டும். அப்படித் தூக்கி, இழுத்து, திறந்து, "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்றார் வரதராஜுலு. அவர் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பைப் பார்த்தபின் யாரும் பக்கவாட்டில் போகவில்லை. வரிசையில் நின்று தட்டினார்கள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கதவில் கட்டித் தொங்கவிட்டு, பெயர், ஊர், யாரைப் பார்க்க, வந்த காரணம் என்று கோடு போட்டுவிட்டார். பத்தடி தூரத்துக் கட்டிலில் படுப்பவன்கூட ஊர் என்ற இடத்தில் 'மூணாவது கட்டில்' என்று எழுதிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக வரதராஜுலு, வரதராஜுலு என்றே இருக்கும். அதை அவர் சும்மா இருக்கும்போது எடுத்துப் படிப்பார்.

வேலை விஷயத்தில்தான் மனிதர் படுமோசம். சந்தையில் விற்கவிட்டால், அப்பார்ட்மென்ட்காரர்களிடம் உண்மையே சொல்லிப் பழகிய வாயை வைத்துக்கொண்டு வியாபாரத்தைக் கெடுத்தார். "இந்த பீரோவுல நாலு கரப்பான் இருக்குதுங்க. மூணை அடிச்சுப்போட்டேன், ஒண்ணு சிக்கலை." "இந்த மிக்ஸி நல்லா ஓடுமுங்க. ஆனா நிறுத்த முடியாதுங்க." மூன்று மாதத்தில் அவர் ஒரு ஸ்பூன்கூட விற்றதில்லை. இஸ்மத் சமையலறைக் கண்ணாடியைப் பார்த்துப் புலம்பாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அவர் வந்து நூறாவது நாள் நெருங்கியது. அதற்கு ஒரு பரிசு கொடுக்கலாம் என்று மற்றவர்கள் கூடிப் பேசினார்கள். விபரீதம் அங்கேதான் ஆரம்பம். சனிக்கிழமை அவரை வேண்டுமென்றே இல்யாஸோடு உடுமலைப்பேட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு தேங்காய் மண்டிக்காரர் வீட்டில் நிறையச் சாமான் இருக்கிறது, இருந்து ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் போதும் என்று உத்தரவு. வண்டி கிளம்பியதும் நோட்டை அவிழ்த்துக் கட்டிலில் வைத்துவிட்டு, நாலு பேர் சேர்ந்து கதவை நிலையோடு பெயர்த்து ஷெட்டுக்குத் தூக்கிப்போனார்கள். நாச்சியம்மாள் பழைய பெயின்டைச் சுரண்டி, நாய் பிறாண்டிய பள்ளத்தில் மக்குப்பூச்சு வைத்து அடைத்து, தேய்த்து, மயில்நீல எனாமல் மூன்று கோட் அடித்தார். முன்பக்கமும் அடித்தார், பின்பக்கமும் அடித்தார். பின்பக்கத்தில் சாக்பீஸால் எழுதியிருந்த பெயரின்மேலும் அடித்தார். காயட்டும் என்று ஷெட்டிலேயே நிறுத்திவிட்டு, நாளைக்கு அவர் வந்ததும் காட்டலாம் என்று சந்தோஷமாகப் போய்ச் சலூன் நாற்காலியில் சுற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியானை நேராக ஷெட்டுக்கு வந்து நின்றது. சந்தை களைகட்டியிருந்தது. வரதராஜுலு கட்டிலுக்குக்கூடப் போகாமல் தோளில் துண்டோடு விற்பனையில் இறங்கினார். அங்கே அந்த நீலக் கதவைப் பார்த்தார். பார்த்தவர் அசந்துபோனார். இந்த மாதிரி கதவு எப்போது வந்தது, எந்தப் பங்களாவிலிருந்து வந்தது என்று வியந்து தடவிக்கொடுத்தார். குறை தேடித் தேடிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒரு சாமானில் குறையே அகப்படவில்லை.

சோமனூரிலிருந்து நரசிம்மலு என்று ஒருவர் வந்திருந்தார். நாலு விசைத்தறி ஓட்டுபவர். "ஏனுங்க, கதவு எப்படிங்க?" என்று கேட்டதுதான் தாமதம், வரதராஜுலு பொழிந்து தள்ளிவிட்டார்.

"கதவுன்னா இதானுங்க கதவு. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்க. என்றகிட்டயும் ஒண்ணு இருக்குது, நான் பொய் சொல்லக்கூடாது, அது இதுக்குக் கால் தூசிக்கு ஆகாதுங்க. நாய் பிறாண்டுன கதவு. இந்தத் தாப்பாளை மட்டும் சித்தத் தூக்கி இழுக்கோணும். என்ற கதவுலயும் அப்படித்தானுங்க. நல்ல கதவெல்லாம் அப்படித்தான் இருக்குமாட்ட இருக்குது."

சந்தையின் மறுகோடியில் பாத்திரம் விற்றுக்கொண்டிருந்த இஸ்மத் இதைத் தூரத்திலிருந்து பார்த்தார். கதவைத் தடவித் தடவி, கண் கலங்கக் கலங்க வரதராஜுலு பேசுவதைக் கண்டு, பரிசைப் பார்த்து நெகிழ்ந்து, வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடிக்கிறார் போல என்று நினைத்து, தானும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்டா விற்கத் திரும்பிவிட்டார். நரசிம்மலு கதவை வண்டியில் ஏற்றினார். வரதராஜுலுவே ஒரு கை பிடித்தார். பழக்கதோஷத்தில் சந்தை நோட்டில் பெயர், ஊர், காரணம் எழுதி வாங்கிக்கொண்டார்.

முதல் விற்பனை! ஹாலுக்குள் ஓடினார். "நாச்சியம்மா, நான் வித்துப்போட்டேன்!" என்று கத்திக்கொண்டே போனவர், தன் கட்டிலுக்கு முன்னால் நின்றார். இரண்டு இரும்புக் கால் மட்டும் இருந்தது. எதிரே நாச்சியம்மாள் ஒரு தட்டு கேசரியோடு, வாயெல்லாம் பல்லாக வந்துகொண்டிருந்தார்.

"கதவு புடிச்சுதுங்களா?" என்றார் நாச்சியம்மாள்.

"எந்தக் கதவுங்க?"

"நீலக் கதவுதானுங்க. உங்குளுதுதான். நூறாவது நாளுன்னு பெயின்ட் அடிச்சு வெச்சோமுங்க."

அதற்குமேல் என்ன நடந்தது என்று விவரிக்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது. கேசரியை யாரும் தொடவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். நாச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இஸ்மத் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டார். வரதராஜுலு கட்டிலில் கிடந்த நோட்டையும் இரண்டு சட்டையையும் ஒரு பையில் போட்டுக் கட்டினார்.

"கோவமெல்லாம் இல்லீங்க. நல்ல மனசோட பண்ணிப்போட்டீங்க. ஆனா கதவு இல்லாம என்னால இங்க படுக்க முடியாதுங்க. அதுக்கு பஸ் ஸ்டாண்டே தேவலை. அங்க யாரும் இது உன்ற ஊடுன்னு சொல்றதில்லை, நானும் எதிர்பாக்கறதில்லை. கதவு வந்தா இருக்கறேன். வல்லீன்னா என்னையக் காந்திபுரத்துல எறக்கி உட்டுருங்க."

விற்ற சாமானை வீடுவீடாகக் கொண்டுபோய் இறக்கியது போக, செவ்வாய்க்கிழமைதான் வண்டி கிடைத்தது; அதுவரை இரண்டு ராத்திரியும் வரதராஜுலு படுக்காமல் கட்டிலில் உட்கார்ந்தே விடியவைத்தார். சந்தை நோட்டில் 'நரசிம்மலு, சோமனூர், வந்த காரணம்: கதவு' என்று இருந்தது. மாற்றிக் கொடுக்க இன்னொரு கதவு வேண்டுமே என்று ஷெட்டை அலசினார்கள். இருந்தது ஒன்றே ஒன்று. மூடிப்போன ஒரு செல்போன் கடையின் கண்ணாடிக் கதவு. அதில் 'தள்ளவும்' என்று எழுதியிருந்தது. பரவாயில்லை, கூடவே ஒரு கட்டிலும் தருகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என இல்யாஸ் அதை ஏற்றினான். வரதராஜுலு பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். கதவு கிடைத்தால் வீடு, கிடைக்காவிட்டால் பஸ் ஸ்டாண்டு.

தறிச் சத்தத்தை வைத்தும், ஆட்களை விசாரித்தும் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். நரசிம்மலு கொல்லைப்புறத்தில் ஒரு ஸ்டூலில், தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாகக் குளிக்காமல் உட்கார்ந்திருந்தார். எதிரே தனியாகக் கட்டிய ஒரு குளியலறை. அதற்கு மயில்நீலக் கதவு. கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ ஒரு அம்மாள் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு தெலுங்கில் உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தார்.

"என்ற சம்சாரமுங்க, ராமாமணி," என்றார் நரசிம்மலு. "காத்தால ஒம்பது மணிக்கு உள்ள போனவ. மணி பதினொண்ணு ஆகுது. தொட்டியில தண்ணி தீந்துபோச்சுன்னு ரெண்டு வாட்டி மோட்டார் போட்டுட்டேன்."

"ஏனுங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று இல்யாஸ் பதறினான்.

"அதெல்லாம் இல்லீங்க. நாலு வருசமா இந்தப் பாத்ரூமுக்குக் கதவே போடலை. அதா கெடக்குது பாருங்க, அந்த பேனரைத்தான் கட்டித் தொங்கவிட்டிருந்தோம்."

கீழே ஒரு கல்யாண பேனர் கிடந்தது. அதில் கோட்டு போட்ட ஒரு மாப்பிள்ளை முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். இந்த மாப்பிள்ளைக்கு முன்னால்தான் ராமாமணி நாலு வருடமாக, காற்றடித்தால் ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குளித்திருக்கிறார். "ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு ஓடியாந்துருவா. பாட்டெல்லாம் பாடி நான் கேட்டதே இல்லீங்க," என்றார் நரசிம்மலு. அவர் குரலில் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் நிறையச் சந்தோஷமும் இருந்தது.

இல்யாஸ் வண்டியிலிருந்த கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தான். அதன் ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் நிற்பவரின் சட்டைப் பொத்தான்வரை தெரியும். 'தள்ளவும்' வேறு. அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு வரதராஜுலுவைப் பார்த்தான்.

வரதராஜுலு நடந்துபோய்த் தன் கதவுக்கு முன்னால் நின்றார். காந்திபுரம் கட்டணக் குளியலறையில் தாழ்ப்பாள் இல்லாத கதவை முதுகால் அழுத்திக்கொண்டு அவர் குளித்த மூன்று வருடம் அவருக்கு ஞாபகம் வந்தது. கையை உயர்த்தினார். தட்டினார்.

பாட்டு நின்றது. "யாரு அது?" என்று உள்ளிருந்து அதிகாரமாக ஒரு குரல் வந்தது.

அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல் அது. அவருடைய குரல்தான், ஆள்தான் வேறு.

"யாருமில்லீங்க அம்மணி," என்றார். "கதவு குடுத்த ஊட்டுல இருந்து வாரோம். தாப்பாள் சரியா உழுவுதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க."

"நல்லா உழுவுதுங்க!"

"சித்தத் தூக்கி இழுக்கோணும்."

"தெரியுமுங்க. அவரு சொன்னாரு."

"சரிங்க. நீங்க குளியுங்க," என்று சொல்லிவிட்டு வரதராஜுலு திரும்பி வந்து வண்டியில் ஏறிக்கொண்டார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

"காந்திபுரத்துக்குப் போ கண்ணு," என்றார்.

இல்யாஸ் கண்ணைத் துடைத்தபடி வண்டியை எடுத்தான். "போலாமுங்க. ஆனா இந்தக் கண்ணாடியை வெச்சுக்கிட்டு டவுனுக்குள்ள போனா ஒடஞ்சுபோயிருமுங்க. ஊட்டுல எறக்கிப்போட்டுப் போயிரலாமுங்க." அவன் மகா கள்ளன். வரதராஜுலுவுக்கும் அது தெரியும். ஆனாலும் சரி என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டுக்கு முந்தின டீ வேளை. கண்ணாடிக் கதவை இறக்குகிற சாக்கில் இல்யாஸ் எல்லோரையும் சுற்றி நிறுத்திவைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டான். வரதராஜுலு தலையணைக்கடியில் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க ஹாலுக்குள் போனார். கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்தார். எதிரே இரண்டு இரும்புக் கால், அதற்கப்பால் வெறும் ஹால். யார் வேண்டுமானாலும் நேராக நடந்து வரலாம்.

நாச்சியம்மாள் நடந்து வந்தார். கையில் இரண்டு டம்ளர் டீ. அவருக்குப் பின்னால் இஸ்மத், இல்யாஸ், மூணாவது கட்டில்காரர், மற்ற ஆறு பேர். கதவு இருந்த இடம் வந்ததும் நாச்சியம்மாள் டக்கென்று நின்றார். பின்னால் வந்த இஸ்மத் அவர் முதுகில் மோதி, "அல்லா!" என்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒருவர்மேல் ஒருவர் மோதி நின்றார்கள். தாண்டிப் போக ஒரு தடையும் இல்லை. யாரும் தாண்டவில்லை.

நாச்சியம்மாள் தட்டுவதற்கு எதையாவது தேடினார். ஒன்றும் இல்லை. ஒரு டம்ளரை இன்னொரு டம்ளரில் இடித்தார். டங், டங். கொஞ்சம் டீ சிந்தியது.

வரதராஜுலு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யாருங்க அது?"

"நாந்தானுங்க, நாச்சியம்மா."

"யாரைப் பாக்கோணும்?"

"உங்களைத்தானுங்க."

"பின்னால யாருங்க அத்தனை பேரு?"

"அவீகளும் உங்களைத்தானுங்க பாக்கோணுமாமா."

வரதராஜுலு பையைப் பிரித்து நோட்டை வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்தார். எழுந்து வந்தார். இரும்புக் கால்களுக்கு நடுவில் நின்று, வலது கையை நீட்டி, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு தாழ்ப்பாளைப் பிடித்து, சித்தத் தூக்கி, இழுத்தார்.

"வாங்க," என்றார். "எல்லாரும் உள்ள வாங்க. கையெழுத்துப் போட்டுட்டு உக்காருங்க."